கேமரா சின்னது, பை கனக்கிறது!

கேமராக் கடைக்குப் போய், "சின்னதா ஒரு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் முதலில் நீட்டுவது பாடியை மட்டும். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. சோனி ஏ7சி 2 என்றால் பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்தே 514 கிராம்தான். கையில் வாங்கியதுமே பாதி மனம் விழுந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குத் தகுந்த லென்ஸ் போட்டாத்தான் சார் குவாலிட்டி வரும்" என்று ஒரு 24-70 எஃப்/2.8 ஜூமை மாட்டிக் கொடுப்பார். சோனியின் ஜிஎம் 2 லென்ஸ் மட்டும் 695 கிராம். மொத்தம் 1,209 கிராம். விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏலக் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்தவர்களுக்குத் தெரியும், 'காம்பேக்ட்' என்ற சொல் கடை வாசலோடு நின்றுவிட்டது என்று.

ஒரு சின்னக் கணக்கு. சோனியிலேயே வழக்கமான வடிவத்தில் வரும் ஏ7 4 கேமரா 658 கிராம். ஏ7சி 2 அதைவிட 144 கிராம் குறைவு. இப்போது லென்ஸ் பக்கம் வாருங்கள். மேலே சொன்ன ஜூம் 695 கிராம். அதே நிறுவனத்தின் 40 மி.மீ. எஃப்/2.5 லென்ஸ் 173 கிராம். வித்தியாசம் 522. ஆனால் கேமரா வாங்கப் போகிறவர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் அந்த 144 கிராமுக்காகத்தான். எந்த பாடி என்பது இரண்டாவது கேள்வி. எந்த லென்ஸ் என்பதுதான் முதல் கேள்வி. கடையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

பழைய எடைக்குத் திரும்பிய கதை

36-க்கு 24 மி.மீ. என்ற இந்த 'ஃபுல் ஃப்ரேம்' அளவே சின்ன கேமராவுக்காகப் பிறந்ததுதான். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் இருந்த ஆஸ்கர் பர்னாக், சினிமா ஃபிலிமைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, பையில் போட்டுக்கொள்ளும்படி ஒரு கேமராவைச் செய்து பார்த்தார். 1925-இல் அது லைக்காவாகச் சந்தைக்கு வந்தது. பெரிய தட்டுக் கேமராக்களைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு அன்றைக்கு இதுதான் 'மினியேச்சர்'. 1972-இல் ஒலிம்பஸின் யோஷிஹிசா மைதானி வடிவமைத்த எஸ்எல்ஆர் இன்னொரு படி போனது. எம்-1 என்று முதலில் பெயர் வைத்து, லைக்கா ஆட்சேபித்ததால் ஓஎம்-1 ஆன அந்தக் கேமரா, உள்ளே கண்ணாடியையும் ப்ரிசத்தையும் வைத்துக்கொண்டே ஏறத்தாழ அரை கிலோதான் இருந்தது.

அப்புறம் ஆட்டோஃபோகஸ் மோட்டார், பெரிய பேட்டரி, டிஜிட்டல் திரை என்று ஒவ்வொன்றாக ஏறி, 2005-இல் கேனன் 5டி வந்தபோது பாடி மட்டும் 800 கிராமைத் தாண்டியிருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டால்தான் வழி பிறக்கும் என்பதை 2008-இல் பானசோனிக் ஜி1 சின்ன சென்சாரில் காட்டியது. 2013-இல் சோனி ஏ7 அதையே ஃபுல் ஃப்ரேமில் செய்தது. கண்ணாடி போனதும் லென்ஸ் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே இருந்த இடைவெளி கேனனில் 44 மி.மீ.யிலிருந்து 20-க்கும், நிக்கானில் 46.5-இலிருந்து 16-க்கும் சுருங்கியது. பாடி ஒல்லியானது. 2020-இல் வந்த ஏ7சி 509 கிராம். அதாவது 48 வருடம் கழித்து ஓஎம்-1 இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். நடுவில் இளைக்காமல் போனது லென்ஸ் மட்டும்தான்.

வகுத்துப் பாருங்கள்

லென்ஸ் ஏன் இளைக்கவில்லை? அது இயற்பியல் விவகாரம், விளம்பரத்தில் பேசிச் சரிக்கட்ட முடியாது. லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாசலின் விட்டம் கிடைக்கும். 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை எடுத்துக்கொள்வோம். 35-ஐ 2.8-ஆல் வகுத்தால் 12.5 மி.மீ. ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் கேமராவில் அதே காட்சிக் கோணம் வேண்டுமென்றால் 23 மி.மீ. லென்ஸ் போட வேண்டும். அது எஃப்/1.8 என்றால், 12.8 மி.மீ. வாசல் கிட்டத்தட்ட ஒன்றேதான். பின்னணி மங்கும் அளவும் ஒன்றே. படத்துக்கு மொத்தமாக வந்து சேரும் ஒளியும் ஒன்றே.

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி 370-ஐ ஒட்டி இருக்கும். இரண்டு மடங்குக்கு மேல் பெரிய சென்சாருக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கிறோம். பிறகு பை கனக்கக் கூடாது என்று எஃப்/2.8 சின்ன லென்ஸைப் போடுகிறோம். பாடியில் வாங்கிய ஆதாயத்தை லென்ஸில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்! ஏ7சி-யோடு வரும் 28-60 எஃப்/4-5.6 கிட் லென்ஸ் 167 கிராம்தான், மடக்கினால் உள்ளங்கைக்குள் போய்விடும், வெளிச்சத்தில் படமும் நன்றாகவே இருக்கும். ஆனால் மாலை மங்கிய பிறகு அதைப் போட்டுக்கொண்டு, 'ஃபுல் ஃப்ரேம் வாங்கியும் படம் புள்ளி புள்ளியாக வருகிறதே' என்று நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

இன்னும் ஒரு சங்கடமான உண்மை. சோனியின் ஏபிஎஸ்-சி கேமராவான ஏ6700 எவ்வளவு எடை தெரியுமா? 493 கிராம். ஏ7சி 2-ஐவிட 21 கிராம்தான் குறைவு. ஃபியூஜியின் எக்ஸ்-டி5, ஏபிஎஸ்-சி கேமராதான், 557 கிராம். ஏ7சி 2-ஐவிடக் கனம். பாடியின் எடையை வைத்து சென்சார் அளவைச் சொல்லும் காலம் போய்விட்டது. ஆனால் ஏ6700-இல் சிக்மாவின் 18-50 எஃப்/2.8 ஜூமை மாட்டினால் மொத்தம் 783 கிராம். ஏ7சி 2-இல் டாம்ரானின் 28-75 எஃப்/2.8 ஜி2 போட்டால் 1,054. ஏறத்தாழ ஒரே கோணம், ஒரு ஸ்டாப் ஒளி வித்தியாசம், 271 கிராம் வித்தியாசம். எப்போதும் ஜூம்தான் வேண்டும், பகலில்தான் படம் எடுப்பேன், குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகும்போதுதான் கேமரா வெளியே வரும் என்பவர்கள் இந்த வரியோடு ஃபுல் ஃப்ரேம் ஆசையை ஒத்திவைக்கலாம். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

அப்படியானால் ஃபுல் ஃப்ரேம் யாருக்கு? கணக்கு அப்படியே மறுபக்கம் புரளும் இடம் ஒன்று இருக்கிறது. சோனியின் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 280 கிராம். ஏபிஎஸ்-சி-யில் அதற்கு ஈடாக வேண்டுமென்றால் 23 மி.மீ. எஃப்/1.2 வேண்டும். ஃபியூஜியின் 23 எஃப்/1.4 லென்ஸே 375 கிராம். அதுகூட அந்த அளவுக்கு ஒளியை வாங்காது. அதாவது இருட்டில், ஒரே குவியத் தூர ப்ரைம் லென்ஸோடு படம் எடுப்பவருக்கு ஃபுல் ஃப்ரேம்தான் இலகு. குலசேகரன்பட்டினம் தசராவில் நள்ளிரவில் கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரம், எண்ணெய் விளக்கு மட்டும் எரியும் கோயில் பிரகாரம், மின்சாரம் போன வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கும் பிள்ளை. உங்கள் படங்கள் இந்தப் பக்கம் என்றால் தயங்க வேண்டாம்.

இன்னொரு கூட்டமும் உண்டு: வீட்டில் பழைய ஃபிலிம் லென்ஸ் வைத்திருப்பவர்கள். சோவியத் ஸெனிட் கேமராவோடு வந்த 58 மி.மீ. ஹீலியோஸோ, யாஷிகாவோடு வந்த 50 மி.மீ. லென்ஸோ பரண்மேல் கிடந்தால், ஒரு அடாப்டர் போதும். ஃபுல் ஃப்ரேமில் மட்டும்தான் அவை தங்கள் பழைய கோணத்தையே காட்டும். ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். ஃபோகஸ் ஆன விளிம்புகளை வியூஃபைண்டர் நிறம் பூசிக் காட்டுவதால் அந்தக் காலத்தைவிட இப்போது சுலபம்.

உங்கள் கண் எத்தனை மில்லிமீட்டர்?

முதல் லென்ஸ் எது என்பதற்கு விடை யூடியூபில் இல்லை, உங்கள் போனில் இருக்கிறது. இன்றைய போன்களின் பிரதான கேமரா, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரை. நாம் வருடக்கணக்காக எடுத்துத் தள்ளியதெல்லாம் அந்த அகலமான பார்வையில்தான். அதனால்தான் கிட் லென்ஸின் 28 மி.மீ. முனையே பலருக்குக் கொஞ்சம் இடிக்கிறது. வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்தால் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா பாதிதான் தெரிகிறார். போனில் முழுசாக வந்தவர் ஆயிற்றே என்று குழம்புகிறார்கள்.

போன் கேலரியில் உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் தனியாக ஒதுக்குங்கள். ஒவ்வொன்றின் விவரத்தையும் திறந்து, எந்த லென்ஸில் எடுத்தது, எவ்வளவு ஜூம் செய்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஜூம் செய்யாதவை என்றால் நீங்கள் 24, 28 ஆள். எல்லாமே இரண்டு மடங்கு ஜூம் என்றால் 50 மி.மீ. ஆள். மூன்று மடங்கு வரை போய் முகங்களையே எடுத்திருக்கிறீர்கள் என்றால் 85 மி.மீ. இந்தக் காரியத்துக்குக் காசு கிடையாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஆனால் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் செலவு செய்யப்போகும் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

28-க்கும் 50-க்கும் நடுவில் விடை வந்தால் 35 அல்லது 40 மி.மீ. என் சொந்தச் சாய்வு 40-க்குத்தான். அறைக்குள் நெருக்கடி இல்லாமலும் தெருவில் முகம் சிதையாமலும் சமாளிக்கும் எண் அது. சோனியில் எஃப்/2.5, 173 கிராம். நிக்கானில் எஃப்/2, 170 கிராம். சோனியின் 24, 40, 50 மூன்றும் 2021-இல் ஒரே வடிவத்தில், 160-க்கும் 175-க்கும் இடைப்பட்ட எடையில் வந்தன; உலோக உடம்பு, அப்பர்ச்சர் வளையம், மூன்றுக்கும் ஒரே ஃபில்டர் அளவு. சாம்யாங்கின் 45 எஃப்/1.8 லென்ஸ் 162 கிராம். கட்டுமானம் கொஞ்சம் பிளாஸ்டிக், விலையோ தாராளமாகக் குறைவு, ஒளியும் கூடுதல். காசு பார்த்துச் செலவழிப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பறவை எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். வேடந்தாங்கலுக்கு ஏற்ற சோனி 200-600 லென்ஸ் இரண்டு கிலோவுக்கு மேல். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாடி 500 கிராமா 700 கிராமா என்பது தோளுக்குத் தெரியாது. கனமான லென்ஸுக்குப் பெரிய பிடி உள்ள பாடிதான் வசதி.

நம் ஊர் வெயில், நம் ஊர் சீரியல் பல்பு

இப்போது பாடிகளைப் பார்க்கலாம். எடையைக் குறைக்க ஒவ்வொரு நிறுவனமும் எதையோ கழற்றி வைத்திருக்கிறது. எதைக் கழற்றினார்கள் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

பானசோனிக் லூமிக்ஸ் எஸ்9, 2024-இல் வந்தது, 486 கிராம். கழற்றியவை மூன்று: வியூஃபைண்டர், மெக்கானிக்கல் ஷட்டர், ஃப்ளாஷுக்கான இணைப்பு. சிக்மாவின் எஃப்பி 2019-லேயே இதே வழியில் 422 கிராமுக்கு இறங்கியது. அதன் தம்பியான பிஎஃப், ஒரே அலுமினியக் கட்டியை ஏழு மணி நேரம் கடைந்து செய்யும் அழகுப் பொருள். மெமரி கார்டு செருகும் இடம்கூட கிடையாது, 230 ஜிபி உள்ளேயே இருக்கிறது. அலமாரியில் வைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஆனால் சித்திரை மாதத்து மதியம் பன்னிரண்டு மணிக்கு, பின்பக்கத் திரையை மட்டும் நம்பி ஒரு தேரோட்டத்தை எடுத்துப் பாருங்கள். திரையில் தெரிவது உங்கள் முகம்தான். கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் நம் ஊரில் ஆடம்பரம் இல்லை.

மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாதது அதைவிடப் பெரிய தலைவலி. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி-யும் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. ஷட்டர் வேகம் கூடினால், மங்கிய நேரத்தில் படித்த வரிகள் இருட்டாகவும் எரிந்த நேரத்தில் படித்தவை வெளிச்சமாகவும் பதிந்து, மணமகள் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக ஓடும். வேகத்தை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் டியூப் லைட் பட்டைகள் அடங்கும். மண்டப மேடையின் அலங்கார எல்ஈடி-கள் இன்னும் வேகமாகத் துடிப்பவை. அவற்றுக்கு இந்த வைத்தியம் எப்போதும் பலிக்காது. மார்கழிக் கச்சேரியில் சத்தமே போடாத ஷட்டர் ஒரு வரம் என்பது உண்மை. ஆனால் அந்த வரம் மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள கேமராக்களிலும் கிடைக்கிறது. விசையை மாற்றிக்கொண்டால் போதும்.

ஏ7சி வகையறாவில் கழற்றியது பாதி ஷட்டர். படம் எடுக்கத் தொடங்குவதை எலக்ட்ரானிக்காகவும் முடிப்பதை உலோகத் திரையாலும் செய்கிறது. பட்டைப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஆனால் நல்ல வெயிலில் எஃப்/1.8-இல் திறந்து 1/4000 வேகத்தில் எடுத்தால், பின்னணியில் உருண்டையாக வர வேண்டிய ஒளிப்புள்ளிகள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வரும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பழைய ஏ7சி-யின் உண்மையான குறை வியூஃபைண்டர்: 0.59 மடங்கு, கண்ணாடி போட்டவர்களுக்குச் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற அவஸ்தை. 2023-இல் வந்த ஏ7சி 2 அதை 0.70 ஆக்கியது, 33 மெகாபிக்சல், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் கூடியது. இந்தியாவில் வந்தபோது பாடி மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேனன் ஆர்8 இருப்பதிலேயே சமர்த்து: 461 கிராம், வியூஃபைண்டர் உண்டு, கையில் பிடிக்க நல்ல பிடியும் உண்டு. 28 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 120 கிராம், 50 எஃப்/1.8 லென்ஸ் 160 கிராம். இரண்டையும் சேர்த்தாலும் மொத்தம் 741 கிராம்தான். கழற்றி வைத்தது, பாடிக்குள் இருக்க வேண்டிய நடுக்கத் தடுப்பையும் பெரிய பேட்டரியையும். பேட்டரி ஏ7சி 2-இல் வருவதில் ஏறத்தாழ பாதிதான் தாங்கும். இன்னொன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. நடுக்கத் தடுப்பு இல்லாதது அசையாத சிற்பங்களை இருட்டில் எடுப்பவருக்கு உறைக்கும். ஓடும் குழந்தையை எடுப்பவருக்கு அது இருந்தும் உதவாது. அங்கே ஷட்டர் வேகம்தான் கை கொடுக்கும்.

நிக்கான் இசட் எஃப் 710 கிராம், காம்பேக்ட் என்று சொல்ல வாய் கூசும். 1982-இல் வந்த எஃப்எம்2-இன் சாயலில் பித்தளை டயல்கள், கறுப்பு வெள்ளைக்கென்றே ஒரு நெம்பு. வியூஃபைண்டர் இந்தக் கூட்டத்திலேயே பெரிது. முன்பக்கம் வழுக்கும், கனமான லென்ஸ் போட்டால் விரல் வலிக்கும். 125 கிராம் எடையுள்ள 26 மி.மீ. லென்ஸோ 40 எஃப்/2 லென்ஸோ போட்டால் அந்தப் புகாரே எழாது. நாள் முழுக்கக் கையில் வைத்திருக்க ஆசை வரும் கேமரா இது ஒன்றுதான் என்பது என் கட்சி. 144 கிராம் பெரிதில்லை என்று மேலே சொன்னவன், இதை எடுக்கிறீர்கள் என்றால் தடுக்க மாட்டேன்.

மவுன்ட் என்பது சம்பந்தம்

பாடியை நான்கு வருடத்தில் மாற்றிவிடலாம். மவுன்ட் அப்படியில்லை. பெண்ணெடுத்த வீட்டோடு உறவு நீள்வதுபோல, அந்த லென்ஸ் குடும்பத்தோடுதான் இனி வாழ வேண்டும். சோனி தன் ஈ மவுன்ட்டை வெளியாருக்குத் திறந்துவிட்டது 2011-லேயே. அதனால் டாம்ரான், சிக்மா, சாம்யாங் என்று சின்ன லென்ஸ், மலிவு லென்ஸ், விசித்திர லென்ஸ் எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கிறது. பானசோனிக், லைக்கா, சிக்மா மூன்றும் 2018-இல் எல் மவுன்ட்டில் கைகோத்தன. நிக்கான் டாம்ரானுக்குக் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. கேனன் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு 2024-இல் சிக்மாவையும் டாம்ரானையும் உள்ளே விட்டது. ஃபுல் ஃப்ரேமில் பிடிவாதம் பிடிக்கிறது. கேனனின் சொந்தச் சின்ன லென்ஸ்கள் உங்களுக்குப் போதும் என்றால் கவலை இல்லை. போதாது என்று தோன்றினால் இப்போதே யோசிப்பது நல்லது.

டார்ச்சோடு போங்கள்

லென்ஸைப் பழையதாக வாங்குவது புத்திசாலித்தனம். பாடியைப் பழையதாக வாங்குவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விற்பனைக்கு வரும் ஏ7 3, ஏ7 4 போன்றவை கல்யாண வீடுகளில் உழைத்துக் களைத்தவையாக இருக்கலாம்; ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். லென்ஸில் பார்க்க வேண்டியது பூஞ்சை. முன் மூடி, பின் மூடி இரண்டையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் வராது. ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

அந்தப் பூஞ்சை புது லென்ஸிலும் வரும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில், இருட்டில், லென்ஸை மாதக்கணக்கில் சும்மா வைத்திருந்தால் போதும். கடலோர ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி அந்த நிலைதான். தினம் வேலைக்கு எடுத்துப் போகும் தொழில்முறைக்காரரின் லென்ஸைவிட, தீபாவளிக்குப் பிறகு பொங்கலுக்குத்தான் வெளியே வரும் ஆர்வலரின் லென்ஸுக்கே இது சீக்கிரம் பிடிக்கிறது. வாங்கும்போது கொடுத்த தோல் பையிலேயே லென்ஸைப் பூட்டி வைப்பதுதான் மிக மோசம். தோலே ஈரத்தை வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவை போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ரொம்ப வறண்டாலும் லென்ஸுக்குள் இருக்கும் மசகுக்கு ஆகாது. லென்ஸ்கள் மூன்றைத் தாண்டினால் மின்சாரத்தில் ஓடும் உலர் அலமாரி வாங்கிவிடலாம். இந்தச் செலவைக் கேமரா பட்ஜெட்டில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பணம் இடித்தால் ஏ7சி 2-க்குப் பதில் பழைய ஏ7சி பாருங்கள், வியூஃபைண்டர் மட்டும் உங்கள் கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு.